ஏழு வண்ண மலைக்கு அவசரம் ஆகாது

பெரு நாட்டின் குஸ்கோ நகருக்குப் போகிறவர்கள் மாச்சு பிச்சுவைப் பார்த்த கையோடு வினிகுங்கா என்ற ஏழு வண்ண மலைக்கும் கிளம்பிவிடுகிறார்கள். மாச்சு பிச்சு இருப்பது 2,430 மீட்டர் உயரத்தில். வினிகுங்காவின் உச்சியோ 5,000 மீட்டருக்கும் மேல். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான்.

விடியும் முன் வேனில் ஏற்றி, இருட்டுவதற்குள் திருப்பிக் கொண்டுவந்து விடும் ஒருநாள் சுற்றுலாவைத்தான் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவலி, குமட்டல், படபடப்பு என்று பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. இளைஞர், தினமும் ஓடுகிறவர் என்றெல்லாம் மலை பார்ப்பதில்லை. குறைந்தது இரண்டு மூன்று நாள் குஸ்கோவில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்ட பிறகு ஏறுவதே நல்லது.

அப்படி ஏறினால்தான் மலையை நின்று பார்க்க முடியும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நீருக்கடியில் அடுக்கடுக்காகப் படிந்த மணலும் களிமண்ணும்தான் இதன் வண்ணப் பட்டைகள். நாஸ்கா கடல்தட்டு தென் அமெரிக்கத் தட்டுக்கு அடியில் புகுந்து நெருக்கியதில் ஆண்டிஸ் மலைத்தொடர் எழுந்தது; படுத்திருந்த அடுக்குகளும் சாய்ந்து நிமிர்ந்தன. சிவப்பு, இரும்பு துருவேறிய களிமண். வெள்ளை, குவார்ட்ஸ் மணற்கல்லும் சுண்ணாம்பும். பச்சையில் இரும்பும் மக்னீசியமும் கலந்த களிமண் இருக்கிறது. படங்களில் வரும் பளீர் நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பலவற்றில் நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள். நேரில் தெரிவது செங்கல் சிவப்பும் மங்கிய மஞ்சளும் சாம்பல் பூத்த பச்சையும். மேகம் விலகி வெயில் விழும்போது ஒவ்வொரு பட்டையாகத் துலங்கும். அந்த அடக்கமான நிறமே எனக்கு அழகாகப் படுகிறது. எதிரே 6,384 மீட்டர் உயர அவுசங்காத்தே பனிச்சிகரம். இப்பகுதியின் கெச்சுவா மக்களுக்கு அது தெய்வம்.

லாமாவும் அல்பாக்காவும் மேய்த்துப் பிழைத்தவர்கள் இந்த மக்கள். வருமானம் இல்லாமல் ஊரைவிட்டுப் போன பல குடும்பங்கள், சுற்றுலா வந்த பிறகு திரும்பியிருக்கின்றன. நுழைவுக் கட்டணமும் குதிரை வாடகையும் அவர்களுக்குப் பெரிய ஆதரவு. குதிரையைக் கயிறு பிடித்து நடத்திக்கொண்டு, நமக்கு மூச்சு வாங்கும் அதே ஏற்றத்தில் அவர்கள் சர்வசாதாரணமாக நடக்கிறார்கள். 2018-இல் கனடா சுரங்க நிறுவனம் ஒன்றுக்கு இங்கே உரிமம் கிடைத்து, எதிர்ப்பு கிளம்பியதும் அது கைவிடப்பட்டது. ஆனால் கூட்டம் செய்யும் சேதம் தொடர்கிறது: பாதை அரித்துப் போயிற்று, வாத்துகள் வந்து இறங்கிய சதுப்பு நிலம் ஒன்று வண்டி நிறுத்துமிடமாக மாறியது.

மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. போக ஏற்ற காலம் அதுதான். பாதையைவிட்டு வண்ண மண்ணில் கால் வைக்காதீர்கள். ஏற முடியாதென்று தோன்றினால் தயங்காமல் குதிரை எடுங்கள். அந்தப் பணம் அந்த ஊருக்கே போகிறது. நடை கடினம் என்பவர்களுக்குப் பல்கோயோ என்ற இடம் இருக்கிறது. அதுவும் உயரமான இடம்தான், ஆனால் நடக்கும் தூரம் குறைவு, கூட்டமும் குறைவு. வண்ணமலைகளோ அங்கே ஒன்றுக்கு மூன்று.