ட்யூபைத் திருப்பிப் பாருங்க!

காலை ஒன்பது மணி. காட்டூர் பஸ் ஸ்டாப். சத்திரம் பஸ் வர்றதுக்குள்ள தஞ்சாவூர் ரோட்டு வெயில் முகத்தைப் பதம் பார்த்துடுது. ஒருவழியா ஜன்னல் சீட் பிடிச்சு, கண்ணாடியையும் மூடியாச்சு. தப்பிச்சோம்னு நினைக்கிறீங்களா? பாதிதான் தப்பிச்சிருக்கீங்க!

வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்களில் இரண்டு வகை நம் தோலைத் தொடுகின்றன. யு.வி.பி. தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும். இதைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். யு.வி.ஏ.வோ கண்ணாடியைத் தாண்டி வந்து, தோலுக்குள் ஆழமாக இறங்கும். கருமை, மங்கு, இளவயதுச் சுருக்கத்துக்கெல்லாம் இதற்கும் பங்கு உண்டு. 'நான் கறுப்பு, எனக்கென்ன?' என்று இருக்காதீர்கள். நம் தோலின் மெலனின் நல்ல காவல்தான். ஆனால், முழுக் காவல் இல்லை.

சரி, சன்ஸ்கிரீன் வாங்கப் போறீங்க. முன்பக்கப் படத்தைப் பார்த்து மயங்காம, ட்யூபைத் திருப்புங்க.

எஸ்.பி.எஃப். எவ்வளவு? இது யு.வி.பி.க்கான மார்க். 15 என்றால் சுமார் 93 சதவிகிதம் தடுக்கும். 30 என்றால் 97, 50 என்றால் 98. ஒரே ஒரு மார்க்குக்காகப் பர்ஸைக் காலி பண்ணணுமா? காலேஜ் போய்வர 30 போதும்.

பி.ஏ. இருக்கா? இது யு.வி.ஏ.வுக்கு. பக்கத்தில் மூன்று ப்ளஸ்ஸாவது இருக்கட்டும். 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றிருந்தால் இரண்டு கதிருக்கும் காவல் என்று அர்த்தம்.

உள்ளே என்ன? சட்டென்று அரிக்கும் தோல் என்றால் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளதைத் தேடுங்கள். விபூதி பூசின மாதிரி கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். பரு உள்ளவர்களுக்கு எண்ணெய்ப் பசை இல்லாத ஜெல் நல்லது. எதுவானாலும் முதலில் முழங்கை உட்புறத்தில் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

யார் தயாரிச்சது? முக்கியமான கேள்வியே இதுதான். 2023-ல் கேரளாவின் கோட்டக்கல்லில் சிறுநீரகக் கோளாறோடு சிலர் மருத்துவமனைக்கு வந்தார்கள். 14 வயதுச் சிறுமியும் அதில் ஒருத்தி. டாக்டர்கள் துருவித் துருவி விசாரித்ததில் சிக்கியது... சிவப்பழகு கிரீம்! சோதித்தால் அதில் பாதரசம். தயாரித்தது யார் என்ற விவரமே இல்லாத டப்பாக்களும் அதில் இருந்தன. அதனால் முகவரி, லைசென்ஸ் எண், காலாவதி தேதி இல்லாத எதையும் தொடாதீங்க. 'ஒரே வாரத்தில் சிவப்பு' என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். சன்ஸ்கிரீன் வேலை நிறத்தை மாற்றுவதல்ல, தோலைக் காப்பது.

வாங்கினால் மட்டும் போதாது, கஞ்சத்தனம் இல்லாமல் பூசணும். முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீளம். வெளியே கிளம்பக் கால் மணி நேரம் முன்னாடி. வெயிலில் இருந்தாலும், வேர்த்து வழிந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும்.

பசங்களா, 'இதெல்லாம் பொண்ணுங்க சமாச்சாரம்'னு நழுவாதீங்க. கிரவுண்டில் மணிக்கணக்கா கிரிக்கெட் ஆடி வேகுறது நீங்கதானே?

கையில் காசு இல்லையா? கவலையே வேண்டாம். முழுக்கை சட்டை, துப்பட்டா, தொப்பி... எல்லாத்துக்கும் மேல, பாட்டியோட கறுப்புக் குடை! அதுக்கு லேபிள் படிக்கவும் வேண்டாம்.