மண்ணும் நெருப்பும் – 9: சல்லடைக்கு முன்னால்

போன வாரம் நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண் விருத்தாசலத்தில் வந்து இறங்கியதோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அது தண்ணீருக்குள் போகிறது. களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் இரண்டையும் அரைத்துச் சேர்த்து, ஊற்றினால் ஒழுகும் பதத்துக்குக் கரைத்தால் கிடைப்பது ஸ்லிப். பொம்மையோ ஜாடியோ, பிளாஸ்டர் அச்சில் ஊற்றி வார்க்கிற எந்தச் சாமானுக்கும் முதல் படி இதுதான்.

ஸ்லிப்பும், பிறகு பாண்டத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸும் போகும் வழியெல்லாம் குறுகலான இடங்கள். பம்பின் வால்வு, ரப்பர் குழாயின் முனை, வடிக்கும் துணி, கடைசியில் கிளேஸ் பூசும் ஸ்பிரே கன். அந்த ஸ்பிரே கன்னின் துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதில் ஒரு துணுக்கு சிக்கினால் பூச்சு திட்டுத்திட்டாக விழும். கழற்றிக் கழுவி மாட்டுவதற்குள், கலக்குவார் இல்லாமல் தொட்டியில் கிளேஸ் அடியில் படிந்துவிடும். அடைக்காமல் தப்பிப் போகிற துணுக்கு இன்னும் பொல்லாதது. பச்சைப் பாண்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்து, சூளையை விட்டு வெளியே வரும்போதுதான் தன்னைக் காட்டும்.

என்னென்ன துணுக்குகள்? மணல், மைக்கா, இயந்திரத்திலிருந்து உதிரும் துரு, பழைய அச்சிலிருந்து பெயர்ந்த பிளாஸ்டர் பொடி. இவற்றோடு இன்னொன்று உண்டு, எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. பழுப்பு நிலக்கரிப் படுகையை ஒட்டிக் கிடக்கும் களிமண்ணில் கரித்துணுக்கு கலந்து வருவது வழக்கம். இங்கிலாந்தின் டெவன் பகுதிக் களிமண்ணுக்கும் இதே குணம் உண்டு. பழுப்பு நிலக்கரி என்பது என்ன? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மட்கிப் புதைந்த மரமும் இலையும்தானே. அந்தக் காட்டின் மிச்சம் இன்றைக்குப் பொம்மைப் பட்டறையின் சல்லடையில் வந்து மாட்டிக்கொள்கிறது. மாட்டாமல் போனால் சூளையில் எரிந்து, இருந்த இடத்தில் ஊசிமுனைத் துளையை விட்டுப் போகிறது.

சல்லடையை எண்ணால் சொல்வது வழக்கம். 60 மெஷ் என்றால் ஓர் அங்குல நீளத்தில் 60 கண்கள். ஒரு கண்ணின் அகலம் 250 மைக்ரான். 120 மெஷ்ஷில் அது 125 மைக்ரான். ஒரு சதுர அங்குலத்தில் 14,400 கண்கள். கண்ணின் அகலம் பாதியானால் பரப்பு கால்வாசியாகிவிடும். கரடுமுரடான ஸ்லிப்பை நேராக 120-ல் கொட்டினால் நாலைந்து வாளிக்குள் வலை மூடிக்கொள்ளும். இதனால்தான் அதிரும் சல்லடையை இரண்டு அடுக்காக வைக்கிறார்கள். மேலே பெருங்கண், கீழே சிறுகண். மேலடுக்கு குப்பையைத் தடுக்கும், கீழடுக்கு நயம் பார்க்கும்.

ஆனால் அடைப்பைச் சல்லடையிடத்தில் நின்று வெல்ல முடியாது. நான் பார்த்தவரை, சல்லடை ஓயாமல் அடைக்கிறது என்று அலுத்துக்கொள்ளும் பட்டறையில் குறை சல்லடையில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிற தொட்டியில் இருக்கிறது. கனமானதை முதலில் அடியில் உட்கார விட வேண்டும். அரிசியை அரிக்கத் தெரிந்த எந்த வீட்டிலும் இது தெரிந்த வேலை: கல் கீழே தங்க, அரிசி தண்ணீரோடு மேலே போகும். களிமண் கழுவுவதும் அதேதான். 1851-ல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இதற்குக் கணக்கே எழுதிக் கொடுத்தார். நீரில் துகள் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 50 மைக்ரான் மணல் தெளிந்த நீரில் நொடிக்கு 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இறங்கினால், 5 மைக்ரான் துகளுக்கு அதில் நூறில் ஒரு பங்கு வேகம்தான். ஓரடி ஆழத் தொட்டியில் மணல் இரண்டரை நிமிடத்துக்குள் தரையைத் தொட்டுவிடும். மெல்லிய களிமண் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். பொறுமையாக நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் மணிக்கணக்கான சல்லடைக் கழுவலை மிச்சப்படுத்துகிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இது மண்ணை நீர்க்கக் கரைத்துக் கழுவும்போது செய்கிற வேலை. சோடியம் சிலிகேட் சேர்த்துக் கெட்டியாகப் பதம் பண்ணிய ஸ்லிப்பில் மணல் அத்தனை எளிதாக இறங்காது. தாமதித்தால் வாய்ப்பு போய்விடும்.

எடுக்கிற இடமும் முக்கியம். தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தால் முதலில் வருவது வண்டல்தான். குழாய் அடியிலிருந்து நாலு விரல் மேலே, பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

இதே பாடத்தை வேறொரு தொழிலும் கற்றிருக்கிறது. பியர் காய்ச்சுகிறவர்கள் கசப்புக்காகவும் மணத்துக்காகவும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூங்காய்களைக் கொதிக்கும் தானியச் சாற்றில் போடுவார்கள். நம் நாட்டில் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிராகியிருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டிலேயே பியர் காய்ச்சும் பொழுதுபோக்கு சட்டப்படி உண்டு. தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதைச் செய்வது குற்றம். எனவே இங்கே சொல்வது செய்முறைக்காக அல்ல, வடிக்கும் அறிவுக்காக. கொதித்து முடிந்ததும் சாற்றை நெருக்கமான தகடுகளுக்கு இடையே ஓடவிட்டுக் குளிர வைப்பார்கள். ஹாப்ஸின் இலைத்துணுக்கு அந்தத் தகடுகளுக்கு இடையில் புகுந்தால் தீர்ந்தது, வேலை நின்றுவிடும். மாத்திரையாக அழுத்திய ஹாப்ஸ் கொதியில் தூளாகிவிடுவதால் தொல்லை இன்னும் அதிகம். அதற்காகத் துணிப்பையிலோ எஃகு வலைக் கூட்டிலோ ஹாப்ஸைப் போட்டுத் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. பையை இறுகக் கட்டினால் சாறு உள்ளே புழங்காது, மணமும் முழுதாக இறங்காது. பை பெரிதாகவும் தளர்வாகவும் இருக்க வேண்டும்.

இதைவிட அழகான வழி ஒன்று இருக்கிறது. பாத்திரத்துச் சாற்றை ஒரே திசையில் வேகமாகச் சுழற்றிவிட்டுக் கால் மணி நேரம் சும்மா விட்டால், துணுக்கெல்லாம் அடியின் நடுவில் கூம்பாகக் குவிந்துவிடும். பக்கவாட்டுக் குழாயைத் திறந்து தெளிவை இறுத்துக்கொள்ளலாம். 1960-ல் கனடாவின் மோல்சன் ஆலையில் இதைப் பெரிய தொட்டிக்குக் கொண்டுவந்தார்கள். கனமான துணுக்கு வெளியே வீசப்படாமல் நடுவுக்கு ஏன் போகிறது? ஆறுகள் ஏன் வளைந்து ஓடுகின்றன என்று 1926-ல் எழுதியபோது ஐன்ஸ்டைன் தேநீர்க் கோப்பையில் கிடக்கும் இலைகளை வைத்து இதை விளக்கினார். தரையை உரசும் அடிநீர் வேகம் குறைகிறது. மேல்நீர் வேகமாகச் சுழன்று விளிம்பில் அழுத்தத்தைக் கூட்டிவைக்கிறது. வேகம் இழந்த அடிநீரை அந்த அழுத்தம் நடுவை நோக்கித் தள்ள, துணுக்குகளும் கூடவே போகின்றன. ஆற்று வளைவின் உள்கரையில் மணல் ஏறுவதற்கும் இதே காரணம் உண்டு. விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றங்கரையில் நிற்கிறவர்கள் அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

களிமண் ஆலைகளிலும் சுழற்சி உண்டு, ஆனால் நேர்எதிராக. ஹைட்ரோசைக்ளோன் என்ற கூம்புக்குள் குழம்பைப் பீய்ச்சினால் மணல் சுவரோரமாக ஒதுங்கி அடித்துளை வழியே வெளியேறும், மெல்லிய களிமண் மேலே போகும். அந்த அடித்துளைதான் அதன் உயிர்நிலை. ஒரு குச்சி போதும் அதை மூட. ஆகவே அதற்கும் முன்னால் ஒரு பெருங்கண் வலை.

அடைப்பையே துணையாக்கிக்கொள்வதும் உண்டு. ஃபில்டர் பிரஸ்ஸில் குழம்பைத் துணிகளுக்கு இடையே அழுத்தும்போது முதலில் வடிகிற நீர் கலங்கலாக இருக்கும். துணியின் மேல் மெல்லிய களிமண் படலம் ஏறியதும் நீர் தெளியும். அதன் பிறகு வடிப்பது துணி அல்ல, களிமண்ணே. முழு ஹாப்ஸ் பூக்களை அடுக்கி அவற்றின் வழியே சாற்றை வடிப்பதிலும், தானியச் சக்கையின் வழியே சாற்றை இறக்குவதிலும் அதே கதைதான். இந்தப் படலம் நிதானமாக உருவாக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே முழு அழுத்தம் கொடுத்தால் நுண்துகள் துணியின் நூலிடைக்குள் குத்திக்கொண்டு, துணி அன்றோடு குருடாகிவிடும். அவசரக்காரப் பட்டறையில் துணிச் செலவு கூடுவது இதனால்தான்.

சல்லடை மேல் நின்றுவிட்டதைக் கையால் அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று மேஸ்திரிகள் கண்டிப்பார்கள். சரியான கண்டிப்பு. தேய்த்தால் கரித்துணுக்கு நொறுங்கிப் பொடியாகி வலைக்குள் புகுந்துவிடும், கம்பியும் விலகும். வலையைக் கவிழ்த்து மறுபக்கத்திலிருந்து தண்ணீர் அடிப்பதுதான் முறை. இந்த வேலையைப் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவரிடமே விடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். வலையில் என்ன நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்தான் வலையைக் கழுவ வேண்டும். மணல் கூடியிருந்தால் தொட்டியில் அவசரப்பட்டிருக்கிறார்கள். கரி கூடியிருந்தால் மண் லாரி மாறியிருக்கிறது. வெள்ளைப் பொறுக்கு தெரிந்தால் யாரோ உடைந்த அச்சின் ஓரத்தைக் கழிவு மண்ணோடு போட்டிருக்கிறார்கள்.

அந்த வெள்ளைப் பொறுக்கு விஷயத்தில் இரக்கமே கூடாது. பிளாஸ்டர் நீரில் கொஞ்சமாகக் கரைந்து ஸ்லிப்பைத் தடிக்கவைக்கும். கரையாத துண்டு குறைந்த சூட்டில் வெந்த பாண்டத்தில் சுண்ணாம்பாகத் தங்கி, ஈரம் பட்டதும் உப்பி மேல்பூச்சைத் தெறிக்க வைக்கும், அதுவும் வாங்கியவர் வீட்டு அலமாரியில். துருவுக்குக் காந்தம் இருக்கிறது, பிளாஸ்டருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அச்சிலிருந்து சீவிய கழிவைத் தனி வாளியில் சேர்த்து, தனியாகக் கரைத்து, தனியாக வடித்த பிறகே பெரிய தொட்டியில் சேர்க்க வேண்டும். அந்த அச்சு எப்படிச் செய்யப்படுகிறது, எத்தனை வார்ப்புக்குத் தாங்கும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)