கண் திறக்கும் கிழங்கு

சர்க்கரைவள்ளி வேர், உருளைக்கிழங்கோ தண்டு! இரண்டும் மண்ணுக்கு அடியில்தானே விளைகின்றன என்று கேட்கிறீர்களா? அடுக்களையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து உற்றுப் பாருங்கள். அதன் தோலில் சிறு குழிகள் தெரியும். இவற்றைக் 'கண்கள்' என்கிறோம். கிளையின் கணுவில் மொட்டு இருப்பதுபோல ஒவ்வொரு கண்ணிலும் மொட்டுகள் உள்ளன. வேருக்குக் கணு கிடையாது. ஆகவே இது தண்டுதான்.

எனவே நாம் நடும் 'விதைக்கிழங்கு' உண்மையில் விதை அன்று. கரும்புக் கரணையைப் போலத் தாய்ச் செடியின் ஒரு பகுதியே அது. தாயின் நல்ல குணங்கள் அப்படியே வரும். தாயின் நோய்களும் கூடவே வந்துவிடும்.

நீலகிரி தந்த பாடம்

1961-இல் உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் ஒருவகை நூற்புழு கண்டறியப்பட்டது. இதன் முட்டைக்கூடு குண்டூசித் தலையைவிடச் சிறியது. ஒரு கூட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். பயிரே இல்லாவிட்டாலும் இவை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். உருளைக்கிழங்கின் வேரிலிருந்து கசியும் பொருள்கள் பட்டதும் பொரியும். கிழங்கில் ஒட்டிய சிறிது மண் போதும், இவை ஊர்விட்டு ஊர் போய்விடும். அதனால் 1971-இல் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்டது. இந்தப் புழுவைத் தாங்கி வளரும் 'குஃப்ரி சுவர்ணா' என்ற இரகம் 1985-இல் வெளியிடப்பட்டது.

வேங்கிக்காலில் விளையுமா?

திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள வேங்கிக்கால் போன்ற சமவெளி ஊர்களில் வெப்பம்தான் தடை. இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் கிழங்கு பிடிப்பது குறையும், இலைதான் செழிக்கும். எனவே கார்த்திகை தீபத்தை ஒட்டி, மழை ஓய்ந்த பிறகு நடலாம். மார்கழி, தைப் பனி உதவும். விளைச்சல் மலையில் போல இராது. ஆனால் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

தயார் செய்வது எப்படி?

1. விதைக்கென்று சான்று பெற்ற கிழங்கே நல்லது. கடையில் வாங்கிய நீலகிரிக் கிழங்கை நடாதீர்கள். கோழிமுட்டை அளவில், அழுகலும் காயமும் இல்லாத கிழங்கைத் தேர்ந்தெடுங்கள்.

2. புதிதாகத் தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று மாதங்கள் உறங்கும். உறக்கம் கலைந்த கிழங்குகளைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, வெயில் படாத, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். இரண்டு வாரங்களில் குட்டையான, தடித்த முளைகள் வரும். இருட்டில் வைத்தால் முளை வெளுத்து நீண்டு, தொட்டாலே ஒடியும். வெளிச்சத்தில் பச்சையான கிழங்கில் 'சோலனின்' என்ற நஞ்சு உண்டு. அதைச் சமைக்கக் கூடாது.

3. கூடியவரை முழுக் கிழங்கையே நடுங்கள். வெப்பமான மண்ணில் துண்டுகள் எளிதில் அழுகும். பெரிய கிழங்காக இருந்தால் பெரியவர்கள் துணையோடு, துண்டுக்கு இரண்டு கண்களாவது இருக்கும்படி வெட்டுங்கள். உள்ளே பழுப்பு வளையமோ பால் போன்ற கசிவோ தெரிந்தால் அது வாடல் நோய். கிழங்கை எறிந்துவிட்டுக் கத்தியைக் கொதிநீரில் கழுவுங்கள். நல்ல துண்டுகளை இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்தால், வெட்டிய பரப்பில் தக்கை போன்ற தோல் உண்டாகிக் காயம் ஆறும்.

4. மண்ணும் மட்கிய எருவும் நிரப்பிய சாக்கில், முளை மேல்நோக்கி இருக்க, நான்கு விரற்கடை ஆழத்தில் நடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. செடி வளர வளர மண் அணையுங்கள். மூன்று மாதத்தில் தோண்டலாம். செடி வாடிச் செத்தால் அந்த மண்ணைக் கத்தரி, தக்காளிப் பாத்தியில் கொட்டாதீர்கள். அவையும் இதே குடும்பத்துச் செடிகள். நோய் அவற்றுக்கும் பரவும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரு கிழங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்கள் நெருங்கியிருக்கும் முனையில்தான் முதல் முளை வரும். ஒன்றில் மட்டும் அதைக் கிள்ளிவிடுங்கள். பத்து நாள் கழித்து இரண்டிலும் எத்தனை முளைகள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வேறுபாடு ஏன்? செடியின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் கிளைப்பதை நினைத்துப் பாருங்கள், விடை கிடைக்கும்.