அனபெத்துக்கு என்ன நிற முடி?

2023 டிசம்பர், நத்தார் விடுமுறைக்குக் கொஞ்சம் முந்தின நாட்கள். "பெர்சி ஜாக்சன்" தொடர் டிஸ்னி பிளஸில் வரப்போகுது என்று மகள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போ அவளுக்கு எட்டு வயது. பியோர்விக்காவில் இருக்கிற டைக்மான் நூலகத்தில எடுத்த முதல் புத்தகத்தை, இரவில நித்திரைக்கு முன்னம் நானும் அவளுமாக நோர்வேஜிய மொழியில் வாசித்து முடித்திருந்தோம். சோஃபாவில் போர்வை, ஒரு கோப்பை மிக்சர், எல்லாம் தயார். அனபெத் திரையில் வந்ததும் மகள் சொன்னாள்: "இது அனபெத் இல்ல அம்மா. அனபெத்துக்கு ப்ளொண்ட் முடி."

சொன்னவளின்ர முடி என்ன நிறம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கதைகளைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ரிக் ரியோர்டன் அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஏடிஎச்டியும் டிஸ்லெக்சியாவும் உள்ள தன் மகனுக்கு இரவில் கிரேக்கப் புராணக் கதைகள் சொல்லி, கதைகள் முடிந்துபோக, தானே ஒன்றை உருவாக்கினார். அந்த இரண்டும் உள்ள ஒரு பையன், கடல் கடவுள் பொசைடனின் மகன். அதுதான் பெர்சி. முதல் புத்தகம் 2005 இல் வந்தது, ஐந்தாவது 2009 இல். அனபெத் அறிவுக் கடவுள் அதீனாவின் மகள். 2010 இலும் 2013 இலும் படங்களும் எடுத்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையனை வளர்ந்த இளைஞனாக மாற்றினது பிழை என்று ரியோர்டன் தயாரிப்பாளர்களுக்கு அப்பவே எழுதியிருந்தார். அவர்கள் கேட்கவில்லை. ரசிகர்கள் இண்டைக்கும் அந்தப் படங்களை மன்னிக்கவில்லை.

அதனால தொடருக்கு எழுத்தாளரே பொறுப்பாக வருகிறார் என்றதும் பெரிய சந்தோசம். 2022 மே மாதம் அனபெத்தாக லியா ஜெஃப்ரிஸ் நடிக்கிறார் என்று அறிவிக்கும்வரை. அவர் கறுப்பினப் பிள்ளை. அப்போ பன்னிரண்டு வயது. இணையத்தில் அந்தப் பிள்ளை மீது விழுந்த வசவுகளைப் பார்த்து ரியோர்டன் நீளமாக ஒரு பதில் எழுதினார். திறமையைப் பார்க்காமல் தோற்றத்தை மட்டும் வைத்து இவள் பொருத்தமில்லை என்று சொன்னால் அதற்குப் பெயர் இனவாதம் என்று நேராகவே சொன்னார்.

நான் அதை வாசித்துத் தலையாட்டினவள். ஒன்றரை வருசம் கழித்து என்ர சோஃபாவிலேயே அதே வசனம் கேட்கும் என்று யார் நினைத்தது?

நான் ஏதாவது சொல்ல வாய் திறக்க முதல் அம்மா முந்திவிட்டா. "பிள்ளை சொல்லுறதில என்ன பிழை? எனக்கும் வந்தியத்தேவன் கார்த்தி இல்லை." அம்மாவின்ர "பொன்னியின் செல்வன்" யாழ்ப்பாணத்தில் அவவின்ர தகப்பன் கல்கி இதழ்களிலிருந்து கழற்றி பைண்ட் பண்ணி வைத்தது. 1950 முதல் 1954 வரை வந்த தொடர், மணியத்தின் ஓவியங்களோடு. அம்மாவைப் பொறுத்தவரை குந்தவை என்றால் மணியம் வரைந்த குந்தவைதான். 2022 இல் ஒஸ்லோவில் முதல் பாகம் பார்த்துவிட்டு வரும்போது டி-பானேயில் வழி முழுக்க முறைப்பாடு. அடுத்த வருசம் இரண்டாம் பாகம் பார்த்த பிறகு "மணிமேகலையை எங்க விட்டவங்கள்?" என்ற கேள்வி ஒரு கிழமைக்கு ஓடியது. (எனக்கு இரண்டு படமும் பிடித்திருந்தது. சொல்லவில்லை.)

அம்மா சொன்னது எனக்கு உதவியாக இருந்தது. முதல் வாசிப்பில் மனதில் விழுந்த முகம் மாறினால் யாருக்கும் ஏமாற்றம் வரும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வந்தால் உடனே பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் எனக்கு நெஞ்சில் குத்தினது வேற விசயம். அம்மாவின்ர குந்தவை அம்மா மாதிரி இருக்கிறா. என்ர மகளின்ர வீராங்கனை மகள் மாதிரி இல்லை. அப்படி இல்லாததுதான் அவளுக்குச் சரியாகப் படுகிறது.

எனக்கு ஒன்பது வயதில் லூசியா நாள். உங்களில் பலருக்கு இது நினைவிருக்கும்: டிசம்பர் 13, இருட்டுக் காலை, வெள்ளை உடுப்பு, கையில் மெழுகுதிரி, பிறகு குங்குமப்பூ போட்ட பணிஸ். தலையில் விளக்குக் கிரீடம் வைத்து முன்னால் நடக்கிறது ஒரு பிள்ளை மட்டும். வகுப்பில் பேர் கேட்டார்கள், நான் கை தூக்கினேன். பக்கத்தில் இருந்த பிள்ளை, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், "லூசியாவுக்கு ப்ளொண்ட் முடி எல்லோ" என்றாள். ஆசிரியை சிரித்துவிட்டு அடுத்த பேரை எழுதினா. நான் கையை இறக்கினேன். புனித லூசியா இத்தாலியின் சிசிலித் தீவில், சிரக்கூஸைச் சேர்ந்தவ என்று நான் அறிந்தது இருபது வயதுக்குப் பிறகு. அதீனாவும் ஒஸ்லோக்காரி இல்லைத்தானே.

இதை மகளுக்கு அன்றைக்குச் சொல்லவில்லை. "சரி, பார்ப்பம், எப்படி நடிக்கிறா எண்டு" என்று மட்டும் சொன்னேன்.

எட்டு எபிசோடும் பார்த்தோம். என்ர கணிப்பைக் கேட்டால், நடிகர் தெரிவில் பிழையே இல்லை. லியா ஜெஃப்ரிஸின் அனபெத் முன்யோசனைக்காரி, பிடிவாதக்காரி, உள்ளே தாயின் அங்கீகாரத்துக்கு ஏங்குகிற பிள்ளை. புத்தகத்திலும் அதுதானே அவள். வாக்கர் ஸ்கோபெல்லின் பெர்சியும் அப்படியே. குறை கதை சொல்லுற விதத்தில். புத்தகத்தில் மெதூசாவின் இடத்துக்குப் பிள்ளைகள் பசியோடு போவார்கள், பர்கர் சாப்பிடுவார்கள். அது யார் என்று வாசிக்கிற எங்களுக்கு மெல்ல மெல்லப் பயம் ஏறும். அந்தப் பக்கங்களில் மகள் என்ர கையைப் பிடித்துக்கொண்டே கேட்டவள். தொடரில் வந்த உடனேயே அது மெதூசா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. தாமரைக் கசினோவும் அப்படித்தான், பொறியில் விழ முதலே பொறியின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். நான் வேலையில் கோட் எழுதும்போது விளக்கக் குறிப்பு அதிகமானால் சக ஊழியர்கள் சிரிப்பார்கள். இங்கே ஆபத்து வர முதலே குறிப்பு வந்துவிடுகிறது.

இது நியாயமான குறை. ஆனால் இணையத்தில் இந்தக் குறையைச் சொன்னவர்களும், பிள்ளையின் தோல் நிறத்துக்காகக் கத்தினவர்களும் ஒரே சத்தமாகக் கலந்துபோனார்கள். "தொடர் எனக்கு அவ்வளவு பிடிக்கேல்ல" என்று சொல்லவே நான் யோசித்தேன். என்னை எந்தப் பக்கம் சேர்ப்பார்களோ என்று.

இன்னொன்றும் கவனித்தேன். பெர்சியின் நண்பன் குரோவராக வருகிறவர் ஆர்யன் சிம்ஹாத்ரி, இந்திய வம்சாவளி. மகளுக்கு அவரைக் கண்டதும் பிடித்துவிட்டது. "மாமா சின்னனில இப்படித்தானே இருந்தவர்!" அவருக்கு எதிராக அவ்வளவு சத்தம் எழவில்லை. நகைச்சுவையும் விசுவாசமும் உள்ள தோழன், அதுவும் பாதி ஆடு. அந்த இடத்தில் எங்களைப் பார்க்க எல்லாருக்கும் பழக்கம். கெட்டிக்காரி, கதாநாயகனோடு சமமாக நிற்கிறவள் என்று வரும்போதுதான் முடியின் நிறம் முக்கியமாகிறது. இதையும் மகளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான்காவது எபிசோட் அளவில் அவள் முறைப்பாட்டை விட்டுவிட்டாள். விட்டதை நான்தான் கவனித்தேன், அவள் இல்லை. பிறகு இரண்டாம் புத்தகத்தைத் தானாகவே வாசித்தாள். "இப்ப வாசிக்கேக்க எந்த அனபெத் வாறா?" என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "முகம் ரீவியில வாறவ. முடி சில நேரம் மாறும்."

2025 டிசம்பர் 10 அன்று இரண்டாவது சீசன் தொடங்கியது. மகளுக்கு அப்போ பத்து வயது. அம்மம்மாவும் போர்வைக்குள் வந்து இருந்தா, "இந்தப் பிள்ளை நல்லா வளந்திட்டுது" என்று லியா ஜெஃப்ரிஸைச் சொந்தக்காரப் பிள்ளை மாதிரிப் பார்த்தபடி. அதே கிழமை பள்ளியில் லூசியா. 13 சனிக்கிழமை என்பதால் வெள்ளிக்கிழமையே வைத்தார்கள். யார் முன்னால் நடக்கிறது என்று பேர் கேட்டார்களாம்.

"நீ குடுத்தனியா?"

"இல்ல. அந்தக் கிரீடம் சரியான பாரம் அம்மா. பற்றரி வேற. நான் பின்னால என்ர பிரெண்டோட நடக்கப்போறன்."

உண்மையிலேயே பாரம்தானா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் ஏற்கெனவே அடுத்த எபிசோட் எப்போ வரும் என்று தேடத் தொடங்கியிருந்தாள்.