உஷார்! பெல்ட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள்

இதைப் படிப்பதை அரை நிமிடம் நிறுத்திவிட்டு உங்கள் வீட்டு நாயைக் கூப்பிடுங்கள். கழுத்து பெல்ட்டுக்கு அடியில் இரண்டு விரலைச் சேர்த்து விடுங்கள். தாராளமாக நுழைந்து கழுத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால் சரி. ஒரு விரலுக்கே இடமில்லை என்றால் இந்த நிமிடமே தளர்த்துங்கள். விரல் ஈரமாகவோ நாற்றத்தோடோ வெளியே வந்தால், ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும், சம்பளம் வரட்டும் என்று மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஹைதராபாத்தின் போவன்பள்ளியில் மழை பிடித்துக்கொண்டுவிட்டது. அதனால்தான் இத்தனை அவசரம். வெயிலில் தோலைச் சும்மா உரசிக்கொண்டிருந்த பெல்ட், மழையில் நனைந்து காயாமல் கிடக்கும்போது புண்ணாக்கிவிடும். புண்ணில் ஈ உட்காரும். ஈ இட்ட முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும். இந்தப் பருவத்தில் கழுத்தில் புழு வைத்த நாய்களைக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அவற்றில் வீட்டு நாய்களும் உண்டு.

கண்டோன்மென்ட் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் மேசைமேல் கிடத்தியிருந்த ஒரு தெருக்குட்டியைப் பார்த்தேன். பெல்ட்டே தெரியவில்லை. கழுத்தைச் சுற்றி முடி விலகி ஒரு கோடு ஓடியது. பிடரியில் மட்டும் சிவப்பு பிளாஸ்டிக் கிளிப்பின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் முடியை மழித்துக்கொண்டே தொண்டைப் பக்கம் வந்தபோதுதான் புரிந்தது, சதை பெல்ட்டின்மேல் மூடி வளர்ந்திருக்கிறது. மயக்க ஊசி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துத்தான் வெளியே எடுத்தார். அரை அங்குல அகல நைலான் நாடா. கழுவிய பிறகு அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், ரம்பப் பல்தான். குட்டியைத் தூக்கி வந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்: “வண்டிக்காரங்க புடிச்சிட்டுப் போயிடக் கூடாதேன்னுதாங்க கட்டினேன்.”

அந்த பயம் பொய்யில்லை. 2023 பிப்ரவரியில் அம்பர்பேட்டையில் நான்கு வயதுச் சிறுவன் தெருநாய்கள் கடித்து இறந்த பிறகு, ஹைதராபாத் முழுக்க நாய் பிடிக்கும் வேலை வேகமெடுத்தது. இது வளர்ப்பு நாய் என்று காட்டினால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், காய்கறிச் சந்தையைச் சுற்றியும் ஹஸ்மத்பேட்டை ஏரிப் பக்கமும் திரியும் குட்டிகளுக்குக்கூட யாராவது ஒரு பெல்ட்டைக் கட்டிவிடுகிறார்கள். கட்டியவர் வீடு மாறிப் போய்விடுவார். குட்டி வளரும், பெல்ட் வளராது. இரண்டு மாதக் குட்டியின் கழுத்து ஆறாம் மாதத்துக்குள் ஒன்றரை மடங்குக்கு மேல் தடித்துவிடும். முதலில் முடி உதிரும், பிறகு தோல் சிவக்கும், கசியும், வெட்டுப்படும். முடி அடர்ந்த நாய் என்றால் இது எதுவுமே வெளியே தெரியாது.

தெருநாய்க்கு அடையாளம் பெல்ட் இல்லை, காதில் இடும் சிறு வெட்டுதான். கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாய் என்பதற்கு அதுதான் குறி. நாய் பிடிக்கும் வண்டிக்கு பயந்தால் கருத்தடைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அமலா அக்கினேனி 1992-இல் தொடங்கிய ஹைதராபாத் புளூ கிராஸ் இந்த ஊரில்தான் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். வளரும் குட்டியின் கழுத்தில் எதையும் கட்டி அப்படியே விட்டுவிடாதீர்கள். கயிறு, கம்பி, பார்சல் நாடா, ரிப்பன் எதுவுமே வேண்டாம்.

சரி, வீட்டு நாய்க்கு எதை வாங்குவது? கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது பளபளவென்று தோல் போலிருக்கும் பெல்ட்டாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அது ரெக்சின், அதாவது துணியின்மேல் பிளாஸ்டிக் பூச்சு. அதைத் தொடவே தொடாதீர்கள் என்பேன். இரண்டு வெயில்காலம் தாங்காது. பூச்சு வெடித்து உரிந்து, உரிந்த விளிம்பு சுருண்டு தோலைக் கீறும். உள்ளே இருக்கும் துணியும் அட்டையும் மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே ஊறிக் கிடக்கும். உரிந்த துணுக்கை நாய் கடித்து விழுங்கினால் அது வேறு தலைவலி.

நைலான்தான் எங்கும் கிடைப்பது, கையைக் கடிக்காத விலை. உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் நைலான் இழை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 4 சதவீதம் அளவுக்கு ஈரம் பிடித்து வைத்திருக்கும், பாலியெஸ்டர் வெறும் 0.4 சதவீதம்தான். நனைந்தால் நைலான் கொஞ்சம் நீளவும் செய்யும். மழையில் நடக்கும்போது நாய் தலையை உருவிக்கொண்டு ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, நாடாவை வெட்டிய முனையைத் தீயில் உருக்கி ஒட்டியிருப்பார்கள். அந்த உருகிய முனை கெட்டியான பிளாஸ்டிக் முள்ளாகி நிற்கும். வாங்கும் முன் பெல்ட்டை உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கே சிவந்தால், நாள் முழுக்க அதைச் சுமக்கிற நாய்க்கு என்ன ஆகும்?

அசல் தோல் நம்முடைய பொருள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலாலேயே பிழைக்கும் ஊர்கள் நமக்கு உண்டு. 1948-இல் அடையாறில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் உண்டு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை மதராஸிலிருந்து கப்பலேற்றிய காலமும் இருந்தது. அப்படித் தாவரப் பட்டையில் பதனிட்ட தோலில் செய்த பெல்ட் கிடைத்தால், அது பழகப் பழக மெத்தென்று கழுத்தோடு படியும். இன்று சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது குரோம் பதனிட்ட தோல். பதனிடுவதில் கோளாறு நேர்ந்தால் குரோமியம் ஆறு என்ற, தோலில் ஒவ்வாமை கிளப்பும் வடிவம் உருவாகலாம். மனிதத் தோலில் படும் தோல் பொருட்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நாய்க் கழுத்துக்கு நம் கடைகளில் அப்படி யார் பார்க்கிறார்கள்? கழுவக் கழுவச் சாயம் விட்டுக்கொண்டே இருந்தால், மருந்து வாடை அடித்தால் வாங்காதீர்கள். நல்ல தோலாகவே இருந்தாலும் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், நனைந்து காய்ந்தால் விறைத்து வெடிக்கும். மழை விட்ட பிறகு, எண்ணெய் தடவிப் பராமரிக்கிறவர்களுக்குத்தான் தோல் சரிப்படும். மழை நாட்களில் கழற்றி மாட்டிவிடுங்கள்.

இந்த ஊர் மழைக்கு நான் சொல்வது, பாலியெஸ்டர் நாடாவின்மேல் மெத்தென்ற பூச்சு ஏற்றிய வகை. பயோதேன் என்று ஒரு அமெரிக்க நிறுவனம் அந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. இப்போது அதே மாதிரி செய்யும் மற்றவர்களும் இருக்கிறார்கள். ரெக்சினோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இதில் நாடாவைச் சுற்றிலும் பூச்சு முழுக்க மூடியிருக்கும், தண்ணீர் உள்ளே போகாது, ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. விலை அதிகம்தான். இல்லையென்றால் ஓரம் மடித்துத் தைத்து உள்பக்கம் மெத்தைத் துணி வைத்த அகலமான பாலியெஸ்டர் பெல்ட் இரண்டு வாங்கி, ஒன்று நனைந்தால் மற்றொன்றை மாட்டுங்கள்.

பட்டையைவிட முதலில் தோற்றுப்போவது அதன் உலோகச் சாமான்தான். வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கடைக்கு எடுத்துப் போங்கள். பித்தளை என்று விற்கும் வளையத்தில் பச்சென்று ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. முலாம் உரிந்து துரு ஏறும், நிக்கல் முலாம் சில நாய்களுக்கு அரிப்பும் தரும். ஒட்டவில்லை என்பதற்காக உடனே நம்பிவிடவும் கூடாது. துத்தநாகக் கலவை வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது. கையில் லேசாக இருக்கும், நாய் ஒரு எகிறு எகிறினால் முறிந்துவிடும். சங்கிலி மாட்டும் டி வளையத்தின் இணைப்பை நகத்தால் தடவுங்கள். பற்றவைத்து மூடியிருக்க வேண்டும். வெறுமனே வளைத்து விட்ட கம்பி என்றால் இடுக்கில் நகம் மாட்டும், அந்த இடுக்குதான் ஒருநாள் விரிந்து திறக்கும். சுசித்ரா ஜங்ஷனில் லாரிகள் இரைந்து போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஓரத்தில் நடக்கும்போது திறந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் பொருளானாலும் ஒரு எல்லை உண்டு. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வகைக் காலர்களை மாதிரிக் கழுத்து ஒன்றில் மாட்டி இழுத்துப் பார்த்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். கழுத்தில் விழுந்த அழுத்தம் 83 முதல் 832 கிலோபாஸ்கல் வரை போயிற்று. இழுக்கும் நாய்க்குக் காயம் வராது என்று சொல்லும்படி ஒரு காலர்கூட இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. கழுத்தில் இழுபட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதை 2006-இலேயே வேறொரு ஆய்வு காட்டியிருக்கிறது. ஹட்ச் செல்ஃபோன் விளம்பரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்த பக் நாய்க்கு மூச்சே பாடு, கண்ணும் பிதுங்கிய கண். அதைக் கழுத்தில் கட்டி இழுக்கவே கூடாது. இழுத்துக்கொண்டே நடக்கும் எந்த நாய்க்கும் மார்புப் பட்டைதான். பெல்ட்டில் ஃபோன் எண் வில்லை தொங்கட்டும், அதற்குமேல் வேலை வைக்காதீர்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். 2005-இல் தபால்தலையில் ஏறிய பெருமை ராஜபாளையத்துக்கு உண்டு. அதன் நீளக் கழுத்தும் ஒடுங்கிய தலையும் சாதாரண பெல்ட்டுக்கு ஒத்துவருவதில்லை. தளர்வாகப் போட்டால் பின்வாங்கித் தலையை உருவிவிடும், உருவாதபடி இறுக்கினால் மெல்லிய தோல் புண்ணாகிவிடும். இவற்றுக்கு அகலமான, இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் சுருங்கி அதற்குமேல் சுருங்காத மார்ட்டிங்கேல் வகைதான் பொருந்தும்.

ஆணி வைத்த பெல்ட்டை ராட்வைலருக்கு மாட்டி அழகு பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இமயமலையில் ஆட்டு மந்தையைக் காக்கும் நாய்க்கு முள் வைத்த இரும்புப் பட்டை கட்டுவார்கள், சிறுத்தை கழுத்தைத்தான் கவ்வும் என்பதால். அடுக்குமாடியில் ஏது சிறுத்தை? விளையாட வரும் இன்னொரு நாயின் வாயும், கட்டிப்பிடிக்க வரும் உங்கள் குழந்தையின் முகமும்தான் கிழியும். கனத்த சங்கிலியைக் கழுத்திலேயே சுற்றி, குட்டையாகக் கட்டி வைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். சட்டம் அவ்வளவு மலிவாக விட்டுவைத்திருக்கிறது என்பதால் நாமும் விட்டுவிட முடியுமா?

உண்ணிக் காலர் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி எச்சரிக்கைதான். மழையோடு உண்ணியும் வருகிறது, கடைகளில் மருந்து ஏற்றிய காலர் விற்பனையும் கூடுகிறது. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள். புரோபாக்ஸர் என்று இருந்தால், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். நாயைக் கட்டிக்கொண்டு புரளும் குழந்தைகளின் உடலுக்குள் அது போகும் என்ற கவலையில்தான், 2014-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்கே அந்த மருந்து கொண்ட காலர்களை விற்பனையிலிருந்து விலக்க நிறுவனங்களைச் சம்மதிக்க வைத்தது. அமிட்ராஸ் என்ற மருந்து உள்ள காலரை நாய் கடித்து விழுங்கினால் வாந்தியும் மயக்கமும் வரும், இதயத் துடிப்பு தாழும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சாதா பெல்ட்டோ மருந்து பெல்ட்டோ, உண்ணி ஒளிய விரும்பும் இடங்களில் ஒன்று அதன் அடிப்பக்கம்தான். காதைப் பார்க்கிறவர்கள் அங்கேயும் பாருங்கள்.

இரவில் வீட்டுக்குள் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பால்கனி கிரில்லில், கூண்டுக் கம்பியில், விளையாடும் இன்னொரு நாயின் கீழ்த்தாடையில் மாட்டிக்கொண்டு நாய்கள் மூச்சுத் திணறியிருக்கின்றன. தீபாவளி வெடிச் சத்தத்தில் மட்டும் மாற்றிச் சொல்வேன்: அந்த நாட்களில் வில்லையோடு பெல்ட் இருக்கட்டும், பக்கத்தில் ஆளும் இருக்கட்டும். மிரண்டு ஓடும் நாய் வீடு திரும்ப அந்த எண்தான் வழி.

விரலை விட்டுப் பார்த்தபோது ஈரமோ நாற்றமோ இருந்தவர்களுக்கு இது: பெல்ட் சதைக்குள் போயிருந்தால் நீங்களே பிய்த்து இழுக்காதீர்கள். சமையலறைக் கத்தரிக்கோலை நுழைக்காதீர்கள். அடியிலேயே கழுத்தின் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, வலியில் உங்கள் சொந்த நாயே உங்களைக் கடிக்கும். புழு தெரிந்தால் மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில் ஊற்றாதீர்கள், திறந்த புண்ணை வேகவைத்து அவை உள்ளே இறங்கும். மாட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டினைக் கண்ணளவில் ஏற்றாதீர்கள், கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு அது உயிரையே எடுக்கும். சுத்தமான ஈரத்துணியால் லேசாக மூடி, ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டு, பக்கத்துக் கிளினிக்குக்கோ நாராயணகுடா அரசு கால்நடை மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவமனை இருக்கிறது. கிளம்பும் முன் ஃபோன் செய்து, மயக்கம் கொடுத்து பெல்ட்டை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று கேட்பார்கள், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.