கைவிடப்பட்ட கணிப்பொறியில் கைபேசிச் செயலி

நம் வகுப்பில் பலருடைய வீட்டில் இருப்பது செகண்ட்ஹேண்ட் கணிப்பொறிதான். அப்பா எனக்கு வாங்கித் தந்ததும் அப்படியொன்றே. விண்டோஸ் 7, அதிலும் 32 பிட். நினைவகம் 4 ஜி.பி. "இந்த டப்பாவுலயா ஆண்ட்ராய்டு ஆப் செய்யப் போற?" என்று கேட்டவர்கள் உண்டு. செய்தேன். ஆனால் ஒரு இடத்தில் நன்றாக இடறி விழுந்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-ல் நிறுத்தியது. மறுநாள் காலையில் அந்தக் கணிப்பொறிகள் எதுவும் நின்றுவிடவில்லை. நின்றது, பாதுகாப்புக்காக வந்துகொண்டிருந்த திருத்தங்கள். (அதனால் பேங்க் வேலையெல்லாம் அதில் வேண்டாம்!) இன்னொரு விளைவு மெதுவாக வரும். மற்ற மென்பொருள்களும் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளும். குரோம் உலாவி 2023-ல் விலகியது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் இன்றைய பதிப்போ 64 பிட் விண்டோஸ்தான் கேட்கிறது. ஊருக்கு வரும் பஸ்கள் ஒவ்வொன்றாக நின்றுபோவது மாதிரி. வீடு என்னவோ அப்படியேதான் இருக்கும். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் இதே கதி வந்துவிட்டதால், யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

அதென்ன 32 பிட்? நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு. 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். அதுதான் 4 ஜி.பி. அந்த எண்களிலும் ஒரு பங்கை கிராபிக்ஸ் போன்ற சாதனங்கள் எடுத்துக்கொள்ளும். அதனால் என் விண்டோசுக்குக் கிடைத்தது 3 ஜி.பி.க்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

நான் செய்ய நினைத்தது பால் கணக்கு. அம்மா காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். எத்தனை லிட்டர், என்ன விலை, எவ்வளவு வரணும் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பார். அதை அவருடைய கைபேசியிலேயே போட்டால் கூட்டல் தானாக வருமே!

முதலில் ஸ்டூடியோவின் பழைய பதிப்பு ஒன்றைத் தேடி எடுத்தேன். விண்டோஸ் 7-ல் ஏறியது. ஆனால் அது நூலகங்களைத் தேடிப்போன இடம் ஜேசென்டர் என்ற கிடங்கு. 2021-ல் புதிய சரக்கு வாங்குவதை நிறுத்திவிட்ட கிடங்கு. ஃபைலில் அந்த வரியை மேவன் சென்ட்ரல் என்று மாற்றியதும் ஓடியது. அம்மாவின் கைபேசியில் ஏற்றிவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனாலும் இந்த வழி முட்டுச்சந்து. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகள் ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காகக் கொள்ள வேண்டும் என்று பிளே ஸ்டோரில் விதி வந்தது. பழைய கருவியால் அது ஆகாது. வேடிக்கை என்னவென்றால், புதிய கருவியைக் கொண்டு பழைய கைபேசிக்கும் செயலி செய்யலாம். பழைய கணிப்பொறியில்தான் அந்தக் கருவியை ஏற்ற முடியாது.

அப்புறம்தான் புராசசரின் மாடல் எண்ணைப் பார்த்தேன். அது 64 பிட்! போட்டிருந்த விண்டோஸ்தான் 32. ஆக, கைவிடப்பட்டது இயங்குதளம்தான், இயந்திரம் அல்ல. ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்து, இலவசமாகக் கிடைக்கும் லுபுண்டு லினக்ஸை ஏற்றினேன். ஸ்டூடியோவின் பளு இதற்கும் தாங்காது. ஆனால் ஸ்டூடியோ இல்லாமலேயே செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எழுதுவதற்குச் சாதாரண எடிட்டர் போதும். லேபில் ஒரு காலி புராஜெக்ட் உருவாக்கி பென்டிரைவில் கொண்டுவந்தேன். ஜாவா 17-ம், ஆண்ட்ராய்டின் கட்டளைக் கருவிகளும் தனியாகக் கிடைக்கின்றன. கிரேடில் எடுத்துக்கொள்ளும் நினைவகத்தை 1 ஜி.பி.க்குள் கட்டிப்போட்டேன். அது ஓடும்போது உலாவியைத் திறக்கவே மாட்டேன். முதல் தடவை ஓடி முடிவதற்குள் சாப்பிட்டே வந்துவிடலாம். அடுத்த தடவைகளில் மாறிய பகுதியை மட்டும் செய்வதால் சீக்கிரம் முடிகிறது.

சோதித்துப் பார்க்க எமுலேட்டர் வேண்டாம். நிஜக் கைபேசியில் பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் மெனு திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி ஒயரைச் சொருகினால், ஒரே கட்டளையில் செயலி கைபேசிக்குப் போய்விடும்.

எனக்குப் போகவில்லை! கையொப்பம் பொருந்தவில்லை என்று கைபேசி மறுத்தது. ஒவ்வொரு செயலியும் ஒரு சாவியால் கையொப்பம் இடப்படுகிறது. சோதனைச் சாவியைக் கருவி தானாகவே உருவாக்கி, நம் பயனர் கணக்கில் ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறது. ஃபார்மேட் செய்தபோது அதுவும் போய்விட்டது. புதிய சாவியில் வந்த செயலியைக் கைபேசி வேறு ஆளாகப் பார்க்கிறது. யார் வேண்டுமானாலும் நம் செயலியின் பெயரில் இன்னொன்றை ஏற்றிவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. பழையதை நீக்கினால்தான் புதியது ஏறும். நீக்கினால் உள்ளே இருக்கும் கணக்கும் போகும். பதினொரு நாள் கணக்கு! அந்த ஃபோல்டரை முதலில் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தால் இரண்டே நிமிட வேலை.

தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். பதினொரு நாளும் அதிலும் எழுதியிருந்தார்.

"நீ இன்னும் படிச்சிட்டுத்தானடா இருக்க" என்றார்.