பழைய கணினியை வைத்திருப்பதா, மாற்றுவதா?

எமது கிராமிய சங்கங்கள் பலவற்றின் அலுவலகங்களில் இன்று ஒரு கணினி இருக்கிறது. பெரும்பாலும் அது யாரோ பாவித்துவிட்டுத் தந்ததாக இருக்கும். திருத்துவதற்கு வருபவர், "இது பழசு, புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்கிறார். பொருளாளரோ, "இவ்வளவு காலமும் நன்றாகத்தானே ஓடியது, இப்போது ஏன் காசைச் செலவழிக்க வேண்டும்?" என்று கேட்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதை விளங்கிக்கொண்ட பின்னரே சங்கம் தீர்மானம் எடுக்க வேண்டும்.

நிலமும் பயிரும்

கணினியை இயக்குகின்ற அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். வின்டோஸ் அவ்வாறான ஒன்று. கடிதம் எழுதுவதற்கும் கணக்குப் பதிவதற்கும் நாம் பாவிக்கும் மென்பொருள்கள் அதன் மேலேயே ஓடுகின்றன. இயங்குதளத்தை நிலம் என்றும் மற்ற மென்பொருள்களைப் பயிர் என்றும் வைத்துக்கொள்வோம். களிமண் வயலில் விளையும் நெல் மணற்காணியில் அதேபோல் விளைவதில்லை. விதையும் நல்லது, நிலமும் நல்லது. ஆனால் இரண்டும் பொருந்தவில்லை.

கணினியிலும் இதுவே நடக்கிறது. கோப்பைத் திறக்கவும் தாளில் அச்சிடவும் மென்பொருள் இயங்குதளத்திடமே உதவி கேட்கிறது. இயங்குதளம் மாறும்போது பழைய மென்பொருள் கேட்பது அதற்கு விளங்காமற் போகலாம். உதாரணமாக, டொஸ் காலத்து 16 பிட் மென்பொருள்கள் 64 பிட் வின்டோஸில் நேரடியாக ஓடுவதில்லை. வின்டோஸ் 11 அந்த 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. பழைய அச்சு இயந்திரங்களும் புதிய கணினியுடன் சில வேளைகளில் வேலை செய்ய மறுப்பதற்கு இத்தகைய பொருத்தமின்மையே காரணம்.

மறுபக்கமும் உண்டு. புதிய மென்பொருள் பழைய நிலத்தில் வளர மறுக்கும். இணையத்தைப் பார்க்க உதவும் குரோம் மென்பொருளின் புதிய பதிப்புகள் 2023இலிருந்து வின்டோஸ் 7இல் ஓடுவதில்லை.

வேலியில் விழும் பொட்டு

வின்டோஸ் எக்ஸ்பி 2001இல் வெளிவந்தது. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. 2009இல் வந்த வின்டோஸ் 7இற்கு 2020 ஜனவரியிலும், 2015இல் வந்த வின்டோஸ் 10இற்கு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியும் வழமையான ஆதரவு முடிந்தது.

ஆதரவு முடிந்த மறுநாள் கணினி நின்றுவிடுவதில்லை. நின்றுபோவது பழுதுபார்க்கும் வேலையே. தோட்டத்து வேலியில் பொட்டு விழுந்தால் நாம் உடனே அடைக்கிறோம். அடைக்க ஆளில்லாவிட்டால் ஒருநாள் மாடு உள்ளே புகுந்துவிடும்.

2017 மே மாதத்தில் 'வன்னாக்கிறை' என்ற நச்சுமென்பொருள் சுமார் 150 நாடுகளில் கணினிகளைத் தாக்கியது. அது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகள் பலவற்றில் நோயாளர்களின் முன்பதிவுகள் இரத்தாகின. அந்தப் பொட்டை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. அகப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை அப்போது ஆதரவு இருந்த வின்டோஸ் 7இல் ஓடியவை, திருத்தத்தைத்தான் போட்டிருக்கவில்லை. ஆகவே புதியதை வைத்திருந்தால் மட்டும் போதாது, அதைப் பராமரிக்கவும் வேண்டும்.

மாற்றுவதிலும் இழப்பு உண்டு

வின்டோஸ் 11இற்கு ஆகக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் தேவை. 2018இற்கு முன் செய்யப்பட்ட பெரும்பாலான கணினிகள் அதற்குத் தகுதி பெறுவதில்லை. எனவே இயங்குதளத்தை மாற்றப்போய்க் கணினியையும், சில வேளை அச்சு இயந்திரத்தையும் சேர்த்து மாற்ற நேரிடும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் நேரலாம். எமது நாட்டில் நீண்டகாலம் தமிழ்த் தட்டச்சு 'பாமினி' எழுத்துருவிலேயே நடந்தது. நாம் ஒரு தடவை பழைய அங்கத்தவர் பட்டியலைப் புதிய கணினியில் திறந்தபோது, பெயர்கள் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. 'அம்மா' என்று பாமினியில் அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற குறிகளையே. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கிறது. எழுத்துருவைச் சேர்த்ததும் பெயர்கள் திரும்பி வந்தன. இது தெரியாத ஒருவர் கோப்பு பழுதாகிவிட்டதென்று அழித்திருக்கலாம். இடம்பெயர்வில் காணி உறுதிகளையும் பிறப்புப் பத்திரங்களையும் தொலைத்த எமது மக்களுக்கு ஓர் ஆவணத்தின் பெறுமதியை நாம் சொல்லத் தேவையில்லை.

எவ்வாறு தீர்மானிப்பது?

முதலில், கணினி என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். இணையத்துடன் தொடுக்காமல் கடிதமும் கணக்கும் மட்டும் செய்கிறதென்றால் பழையதையே பாவிக்கலாம். ஆயினும் பென்டிரைவ் வழியாகவும் வைரஸ் வரும் என்பதை மறக்கக்கூடாது.

வங்கி அலுவலுக்கோ மின்னஞ்சலுக்கோ பாவிப்பதாயின், ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் அதைச் செய்யாதீர்கள். புதிய கணினி வாங்க வசதியில்லையேல் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் பழைய கணினியிலேயே போட முடியும். அதில் ஓடும் லிப்ரே ஒபிஸ் மென்பொருள் வேர்ட், எக்செல் கோப்புகளைத் திறக்கும். ஆனால் வின்டோஸுக்கென எழுதிய கணக்கு மென்பொருள் அங்கே ஓடாமல் விடலாம்.

எந்த மாற்றத்துக்கும் முன்னர் இவற்றைச் செய்யுங்கள்:

1. எல்லாக் கோப்புகளையும் இரண்டு பிரதிகள் எடுத்து, வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.
2. பிரதிகளை வேறொரு கணினியில் திறந்து, வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள்.
3. பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஆங்கிலச் சொற்கள் கலந்த இடங்கள் மாற்றும்போது குழம்பக்கூடும். ஆகவே பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பழைய கோப்பையும் எழுத்துருவையும் அழிக்காதீர்கள்.
4. அங்கத்தவர் பட்டியலையும் சேமிப்புக் கணக்கையும் தாளில் அச்சிட்டு வையுங்கள்.
5. புதியதில் வேலை சரிவர நடக்கும் வரை பழைய கணினியைக் கொடுத்துவிடாதீர்கள்.

கணினியைக் காசு கொடுத்து மறுபடி வாங்கலாம். அதற்குள் இருக்கும் எமது பெயர்களையும் கணக்குகளையும் வாங்க முடியாது.

குழுவாகக் கலந்துரையாட:

• எமது சங்கத்தின் கணினி எந்த இயங்குதளத்தில் ஓடுகிறது? அதற்கு இன்னும் ஆதரவு இருக்கிறதா?
• அது இன்றிரவு பழுதாகிவிட்டால் எந்தெந்த விபரங்களை இழப்போம்?
• பிரதி எடுத்து வைக்கும் பொறுப்பை யாரிடம் கொடுத்திருக்கிறோம்?